எத்தனை வாட் வாங்கலாம், அங்கிள்?

போன பள்ளி விடுமுறையில் தஞ்சோங் பிடாரா கடற்கரையில் ஒரு மர நிழல் பார்த்து வேனை நிறுத்தியிருந்தோம். பின்கதவைத் திறந்து வைத்து அம்மாவுக்கு நெபுலைசர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஹையேஸ் வேனிலிருந்து ஒரு தம்பி இறங்கி வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள். வேன் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறதாம். மெத்தை போட்டாயிற்று, திரைச்சீலை தைத்தாயிற்று, இனி கரண்டு ஒன்றுதான் பாக்கி என்றார்.

"அங்கிள், இன்வெர்ட்டர் எத்தனை வாட் வாங்கலாம்? 3000 வாட் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். விலையும் மலிவுதான்."

"வேன்ல என்ன சமைக்கப் போறீங்க, தம்பி?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பதில் அந்தப் பெண்ணிடம்தான் இருந்தது. "ரைஸ் குக்கர் கண்டிப்பா வேணும் அங்கிள். சின்னவனுக்குப் பால் கலக்கச் சுடுதண்ணி வேணும். ராத்திரி ஏர்கோன் ஓடினா நல்லா இருக்கும்."

பொழுது சாயும்வரை பேசினோம். அப்படியும் பாதிதான் சொல்லி முடித்தேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், அந்தத் தம்பிக்கும், இனிக் கேட்கப்போகிறவர்களுக்கும்.

மலாக்காவில் முப்பது ஆண்டுகளாக வயர்மேன் வேலை பார்க்கிறேன். புக்கிட் பாரு, ஆயர் குரோ, துரியான் துங்கல், ஜாசின் என்று நான் வயரிங் செய்யாத தாமான் குறைவு. 2021 அக்டோபரில், கொரோனாவால் மூடிக்கிடந்த மாநில எல்லைகள் திறந்தபோது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அம்மாவை நாலு கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு பழைய நிசான் ஊர்வான் வாங்கினேன். (அந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் நமக்கென்றே வைத்த பெயர்போலத் தோன்றுகிறது.) வயரிங் என் சொந்தத் தொழில். அதனால் வேறு ஆளைக் கூப்பிடவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. அதுதான் தப்பு.

2023 மாசி மகம். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நீர்மோர் கொடுப்பதாக எங்கள் குடும்பத்தில் ஒரு நேர்த்திக்கடன். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி வேனை நிறுத்தி, ரைஸ் குக்கரில் எங்களுக்குச் சோறு வைத்துவிட்டு, மனைவி இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைக்க மிக்ஸியைப் போட்டார். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. அணைத்துப் போட்டேன், மறுபடியும் கத்தியது. மூன்றாவது முறை போட்டபோது மனைவி, "என்னங்க, ஏதோ தீயிற வாசம் வருது" என்றார். முன்சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கினேன். பேட்டரி கேபிளின் உறை குழைந்து விரிப்போடு ஒட்டியிருந்தது. விரலை வைக்க முடியவில்லை. அந்த விரிப்புக்கு மேலேதான் பேத்தி உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நடந்தது என்ன என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுச் சுவரில் நமக்கு வருவது 230 வோல்ட். ரைஸ் குக்கர் 700 வாட், மிக்ஸி 600 வாட், இரண்டும் சேர்ந்து 1300. 230 வோல்ட்டில் அது ஆறு ஆம்பியர்கூட இல்லை. ரெண்டரை வயர், அதாவது நம் வீட்டுச் சொக்கெட்டுகளுக்கு ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, அதைச் சட்டையே செய்யாது. அதே 1300 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்து, 125 ஆம்பியரைத் தாண்டுகிறது. வோல்ட் 19 பங்கு குறைந்தால் ஆம்பியர் 19 பங்கு கூடும். கம்பியின் சூடு ஆம்பியரின் வர்க்கமாக ஏறும். அதே கம்பியில் முந்நூற்றறுபது மடங்கு சூடு. நான் போட்டிருந்தது 10 சதுர மில்லிமீட்டர் கேபிள். வீட்டு வேலையில் அது தடித்த கம்பி. முன்னால் இருந்த பேட்டரியிலிருந்து பின்னால் இன்வெர்ட்டர் வரைக்கும் போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர். அந்த வழியிலேயே கிட்டத்தட்ட 1.4 வோல்ட் கரைந்துபோயிற்று. அதனால்தான் இன்வெர்ட்டர் வோல்ட் பற்றவில்லை என்று கத்தியது. கரைந்த மின்சாரம் 170 வாட்டுக்கு மேல் சூடாகி விரிப்புக்கு அடியில் தங்கியது.

12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது. அந்த ஒரே காரணத்தால் முப்பது வருட அனுபவத்தோடு அதை விளையாட்டுச் சாமானாக நினைத்துவிட்டேன். ஷாக் அடிக்காத கரண்டு தீ வைக்கும். வேனில் அது வீட்டைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் மெத்தை, நுரை, பலகை, பெட்ரோல் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

அந்த இரவு தூக்கம் வரவில்லை. அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா தோட்டத்தில் இஞ்சின் டிரைவர். ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் இடையில் எங்கள் தோட்டம். 1970களில் பால் கொட்டாய்க்குப் பின்னால் இஞ்சின் வீடு ஒன்று இருந்தது. அதற்குள் பச்சை நிற லிஸ்டர் டீசல் இஞ்சின். மாலை ஆறரைக்கு அப்பா அதை ஏற்றுவார், இரவு பத்துக்கு இறக்குவார். மாரியம்மன் திருவிழா, தீபாவளி, திடலில் படம் போடும் இரவு என்றால் மட்டும் நள்ளிரவு வரைக்கும். லயத்தில் வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒவ்வொன்றும் 40 வாட். பெரிய கிராணி வீட்டில் ஓர் ஐஸ்பெட்டி. இஸ்திரிப் பெட்டி போடக்கூடாது என்பது கட்டளை. ஆனாலும் யாராவது போடுவார்கள். கல்யாணத்துக்குப் போக வேட்டி மடிப்புக் கலையாமல் வேண்டும் அல்லவா. போட்ட உடனே லயம் முழுக்க விளக்கு மங்கும், இஞ்சின் சத்தம் கனக்கும். வீட்டில் சோற்றில் கை வைத்திருக்கும் அப்பா அப்படியே நிமிர்ந்து, "மூணாவது லயத்துல யாரோ அயன் போட்டுட்டான்" என்பார். எந்த லயம் என்பது எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்பா பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் தன் இஞ்சின் எவ்வளவு தாங்கும், எந்த வீட்டில் என்ன எரிகிறது, பத்து மணி வரைக்கும் டீசல் போதுமா என்ற மூன்றையும் எந்நேரமும் மனதில் வைத்திருந்தார். வேனுக்கு இன்வெர்ட்டர் வாங்குகிறவருக்கு வேண்டியதும் அந்த மூன்றுதான்: ஒரே நேரத்தில் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு நேரம், பேட்டரியில் எவ்வளவு. தொண்ணூறுகளில் தோட்டத்துக்குள் தெனாகா கம்பி வந்த பிறகு இந்தக் கணக்கு நமக்கு மறந்துபோயிற்று. சுவரில் செருகினால் வருகிறது, மாதக் கடைசியில் பில் வருகிறது, அவ்வளவுதான். வேனுக்குள் ஏறினால் நாம் மறுபடியும் இஞ்சின் வீட்டு ஆள்.

இனி அந்தத் தம்பியின் மனைவி சொன்ன மூன்றையும் பார்ப்போம்.

முதலில் சுடுதண்ணீர். கடையில் கிடைக்கும் 1.7 லிட்டர் கெட்டிலின் அடியில் 1850 முதல் 2200 வாட் வரை போட்டிருக்கும். 2200 என்றால் பேட்டரியிலிருந்து 190 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கென்றே 2500 வாட் இன்வெர்ட்டர், கட்டைவிரல் பருமன் கேபிள், இரண்டு பெரிய பேட்டரி வேண்டும். ஆனால் பிள்ளைக்குப் பால் கலக்க அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் போதும். 600 வாட் பயணக் கெட்டில் 0.6 லிட்டரை ஆறேழு நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடும். செலவாகும் மின்சாரம் 50, 60 வாட்-மணிதான். தண்ணீர் கொதிக்கத் தேவையான சூடு ஒன்றேதான். வேகமாகக் கொடுத்தால் பெரிய இன்வெர்ட்டர், மெதுவாகக் கொடுத்தால் சிறிய இன்வெர்ட்டர். ஐந்து நிமிடம் பொறுத்திருக்க முடிந்தால் பல நூறு வெள்ளி மிச்சம். இன்வெர்ட்டர் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: முதலில் சாமானைச் சிறிதாக்குங்கள், பிறகு இன்வெர்ட்டர் பாருங்கள்.

அடுத்தது ரைஸ் குக்கர். 1.8 லிட்டர் குக்கர் 700 வாட், அரைமணி நேரம் ஓடும். 350 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 30 ஆம்பியர்-மணி தீர்ந்துபோகும். நாலு பேர் குடும்பத்துக்கு வீட்டில் வைக்கிற பெரிய குக்கர் எதற்கு? 0.6 லிட்டர், 300 அல்லது 400 வாட் குக்கர் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்குத் தாராளம். சோற்றைக் கேஸ் அடுப்பில் வெளியே வைக்கலாமே என்றால் வைக்கலாம், அதுதான் மலிவு. நாங்களும் குழம்பை அப்படித்தான் வைக்கிறோம். ஆனால் மழைக்காலத்தில் மலாக்காவில் மாலை நாலு மணிக்குக் கொட்ட ஆரம்பித்தால் அடுப்பை உள்ளே கொண்டுபோகத் தோன்றும். மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பு எரிக்கவே கூடாது. நச்சுக்காற்று சேர்வது வாசத்தில் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே சின்ன ரைஸ் குக்கர் வேனில் இருக்கட்டும் என்பது என் கட்சி.

மூன்றாவது ஏர்கோன். இதில் நான் கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஓடும்போது 800, 900 வாட் இழுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் எட்டு மணி நேரத்தில் நாலு யூனிட்டைத் தொடும். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் வாட்-மணி. அதற்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி நாலு வேண்டும், மறுநாள் அதை நிரப்ப நாள் முழுக்க ஓட்டவேண்டும். கூரையில் சோலார் தகடு போட்டால் ஆகாதா என்று கேட்டார். நம் ஊர் வெயிலுக்கு 200 வாட் தகடு ஒரு நாளைக்குத் தருவது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. கடற்கரையில் இரவு 25 பாகை வரைக்கும் இறங்குகிறது. எதிரெதிரே இரண்டு ஜன்னல், கொசுவலை, 12 வோல்ட்டில் நேராக ஓடும் இரண்டு விசிறி போதும். ஏர்கோன் இல்லாமல் முடியவே முடியாது என்றால் கரண்டு தரும் முகாம் இடத்தில் போய் நிறுத்துங்கள். அதை இன்வெர்ட்டரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் வாடியது. உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேட்டரிக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் இன்வெர்ட்டரை முதலில் வாங்கி, பேட்டரியைக் கடைசியில் தேடுகிறார்கள். சாதாரண ஈயப் பேட்டரியில் 100 என்று எழுதியிருந்தால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் அளவு அது. ஒரேயடியாக 60, 70 ஆம்பியர் இழுத்தால் அந்த நூறு கிடைக்காது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்தும் போகும். கையில் வருவது அரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதே 100-க்கு 1280 வாட்-மணி, அதில் ஆயிரத்தைத் தைரியமாக எடுக்கலாம். எடையும் பாதிக்குக் கீழே. இப்போது வேனுக்கு வேறு எதையும் நான் போடச் சொல்வதில்லை.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான், பிஎம்எஸ் என்பார்கள். 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் பலவற்றில் அவன் 100 ஆம்பியருக்கு மேல் வெளியே விடமாட்டான். 12.8 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றால் 1280 வாட். அந்தத் தம்பி வாங்க நினைத்தது ஒரே ஒரு 100 பேட்டரியும் 3000 வாட் இன்வெர்ட்டரும். 1200 வாட்டைத் தொடுவதற்கு முன்பே பிஎம்எஸ் கதவைச் சாத்திவிடும். விளக்கும் விசிறியும் சேர்ந்து அணையும். மீதி 1800 வாட்டுக்குக் கொடுத்த காசு வீண். அவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கரண்டு குடிக்கும். பெரியவற்றில் சில 20 வாட் வரைக்கும் எடுக்கும். இரவும் பகலும் போட்டே வைத்திருந்தால் 480 வாட்-மணி. பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொதிக்காமல் போய்விடும்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். செங்கில் என் வேனில் இருந்த இன்வெர்ட்டரின் மேலே 3000 என்று பெரிய எழுத்து. பின்னால் எறும்பு அளவு எழுத்தில், தொடர்ந்து ஓடுவதற்கு 1200. முதல் எண் ஒரு கணம் தாங்குகிற அளவு, மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்புக்காக. நமக்கு வேண்டியது இரண்டாவது எண். அதிலும் எத்தனை பாகைச் சூட்டில் என்று பார்க்கவேண்டும். ஒழுங்காக எழுதித் தருகிற நிறுவனத்துக்கு விக்ட்ரானை உதாரணமாகச் சொல்லலாம். அவர்களுடைய ஃபீனிக்ஸ் 12/1200 என்பதன் தாளில், 1200 என்பது விஏ கணக்கு, வாட்டில் அது 25 பாகையில் 1000, 40 பாகையில் 850 என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் வெயிலில் நின்ற வேனுக்குள் 40 பாகை என்பது சாதாரணம், அதற்கு மேலும் போகும். குளிர் நாட்டுக்காரர்கள் பனியில் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறாது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, நம் எதிரி வெயில். இன்வெர்ட்டரைத் துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்காதீர்கள். நாலு பக்கமும் ஒரு கை நுழையும் இடம், காற்று வந்து போக வழி, பேட்டரிக்கு நேர் மேலே வைக்காமல் பக்கத்தில் ஓரிடம் என்று பாருங்கள்.

இன்னொன்று, அலை. மலிவு இன்வெர்ட்டர் தருவது படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் அலை. நல்லது தருவது வீட்டுக் கரண்டு மாதிரி வழுவழுப்பான சைன் அலை. ரைஸ் குக்கரும் கெட்டிலும் வெறும் சூட்டுக் கம்பிதான், அவை எதையும் தின்னும். மோட்டார் உள்ள சாமான் அப்படியில்லை. செங்கிலிருந்து வந்த பிறகு அந்தப் பழைய இன்வெர்ட்டரில் தடித்த கேபிள் போட்டு அம்மாவின் நெபுலைசரை ஓட்டிப் பார்த்தேன். அதற்குள் ஒரு சின்னக் கம்ப்ரஸர் இருக்கிறது. வீட்டில் வராத ஓர் இரைச்சல் வந்தது, பத்து நிமிடத்தில் மூடி கொதித்தது. உடனே பிடுங்கிவிட்டேன். மருந்துச் சாமான் எதுவும் வேனில் ஓடவேண்டும் என்றால் சுத்தமான சைன் அலை இன்வெர்ட்டரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபேப் கருவி வைத்திருப்பவர்கள், அதற்கு நேராக 12 வோல்ட்டில் ஓடும் அடாப்டர் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் இன்வெர்ட்டரே வேண்டாம். அம்மாவின் இன்சுலினும் அப்படித்தான். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். அதை 12 வோல்ட்டில் நேராக ஓடும் சின்ன ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டர் கெட்டாலும் மருந்து கெடாது.

மாவாட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகலாமா என்று ஜாசினில் ஓர் அக்கா போனில் கேட்டார். தோசைமேல் அவ்வளவு பிரியம். மேசைக் கிரைண்டர் 150 வாட்தான், ஆனால் கல் நிறைய உளுந்தோடு கிளம்பும் அந்த முதல் நொடியில் அதைப்போல் மூன்று, நாலு மடங்கு இழுக்கும். 1000 வாட் சைன் அலை இன்வெர்ட்டர் தாங்கும். முக்கால் மணி நேரம் அரைத்தாலும் செலவு ரைஸ் குக்கரின் பாதிக்கும் குறைவு. ஆட்டலாம் அக்கா என்றேன். வீட்டிலேயே ஆட்டி ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

இப்போது எங்கள் வேனில் இருப்பதைச் சொல்கிறேன். அளவு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறும், இதை அப்படியே பின்பற்றவேண்டியதில்லை. 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 150 ஆம்பியர் விடும் பிஎம்எஸ். தொடர்ந்து 1200 வாட் தரும் சைன் அலை இன்வெர்ட்டர். இரண்டுக்கும் இடையில் ஒரு மீட்டர்கூட இல்லை, கேபிள் 50 சதுர மில்லிமீட்டர். கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தினேன். செங்கில் முதலில் குழைந்தது லக் பக்கம்தான். சோறு, மிக்ஸி, நெபுலைசர், இரண்டு விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே செலவு. வேனை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும்.

சார்ஜுக்கு வேன் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகக் கம்பி இழுக்கக்கூடாது. லித்தியம் பசித்த பிள்ளை மாதிரி கொடுப்பதையெல்லாம் வாங்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்திருக்கிறேன். ஒரு நாள் செலவை மூன்று மணி நேர ஓட்டத்தில் நிரப்பிவிடும். பத்துமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி ஏறிவிடும். பினாங்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஃபியூஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். அதற்கு அப்பால் வைத்தால், நடுவில் உள்ள கம்பி எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் அதைக் காப்பாற்ற ஆளில்லை. ஃபியூஸின் அளவு கேபிளைக் காப்பதற்கு. என்னுடையது 150. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், சாதாரணக் காடி ஃபியூஸ் அதை அறுக்க முடியாமல் உள்ளேயே தொடர்ந்து எரியும். கிளாஸ் டி (Class T) வகை கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இல்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

230 வோல்ட் பக்கம் வந்தால் அது வீட்டு வயரிங்தான், அதே மரியாதை கொடுக்கவேண்டும். இன்வெர்ட்டரின் முகத்தில் இருக்கும், எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் சொக்கெட்டை நம்பாதீர்கள். பிடி தளர்ந்து பொறி பறக்கும். சிரிம் முத்திரை உள்ள நம்முடைய மூன்று முனைச் சொக்கெட்டுக்குக் கம்பி எடுங்கள். கரண்டு கசிந்தால் விழும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டர் பக்கம் சேர்ந்திருந்தால்தான் அது விழும். சில மலிவு இன்வெர்ட்டர்களில் அதைச் சேர்த்தால் இன்வெர்ட்டரே போய்விடும். கையேட்டைப் படிக்காமல் கை வைக்காதீர்கள், தெரியாவிட்டால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். முகாம் இடத்துக் கரண்டையும் இன்வெர்ட்டர் கரண்டையும் ஒரே கம்பியில் சந்திக்க விடக்கூடாது, நடுவில் மாற்றுச் சுவிட்ச் கட்டாயம். வேனின் தகரத்தை வெட்டுவது, சீட்டை எடுப்பது போன்ற வேலைக்கு ஜேபிஜே அனுமதி வேண்டும். வெட்டிவிட்டுப் போய்க் கேட்காதீர்கள்.

ஆண்டுக்கு இரண்டு தடவைதான் போவோம், தைப்பூசத்துக்கு ஒன்று, பள்ளி விடுமுறைக்கு ஒன்று என்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் வரும் பவர் ஸ்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் கொள்ளளவு, சைன் அலை. வீட்டில் சார்ஜ் போட்டுத் தூக்கி வைத்தால் முடிந்தது. மற்ற நாட்களில் கரண்டு போனால் வீட்டிலும் உதவும். என் தொழிலுக்கு வேலை குறையும் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

அம்மாவுக்கு எண்பது வயது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. தஞ்சோங் பிடாராவில் அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு மகள் தலைமுடி காயவில்லை என்று எங்களுக்குத் தெரியாமல் ஹேர் டிரையரைச் செருகினாள். இன்வெர்ட்டரின் விசிறி வேகம் பிடித்தது. இருட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "யாரோ அயன் போட்டுட்டாங்கடா, போய்ப் பாரு" என்றார். மகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இஞ்சின் வீடு இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது, சிமெண்டு மேடை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது வேனை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அந்தத் தம்பி நேற்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். 1000 வாட் சைன் அலை இன்வெர்ட்டர், 150 ஆம்பியர்-மணி லித்தியம், 600 வாட் கெட்டில், 0.6 லிட்டர் குக்கர், இரண்டு விசிறி. கேபிளும் தடிமனாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், ஃபியூஸ் பேட்டரியிலிருந்து மூன்று அடி தள்ளி, இன்வெர்ட்டர் பக்கம் இருந்தது. "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஃபியூஸை மட்டும் பேட்டரிகிட்ட கொண்டு வாங்க. அதுவரைக்கும் போடாதீங்க" என்று பதில் போட்டேன். இன்று காலை இன்னொரு படம் வந்தது. ஃபியூஸ் இடம் மாறியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவியின் கை, விரல்களை விரித்து ஒரு சாண் அளந்து காட்டியபடி.